ஸ்டாக் தீர்ந்த பிறகு எழுதிய ஆர்டர்கள்: ஒரு சிறு நிறுவனத்தின் கொள்முதல் குறித்த நிகழ்வு ஆய்வு

பேக்கிங் பகுதியில் 60 இரும்புப் பெட்டிகள் வரிசையாக நின்றன. மின் கட்டுப்பாட்டுக் கருவிகளை உள்ளே வைத்துப் பூட்டுகிற பெட்டிகள். ஷீட்டை வெட்டி, மடித்து, வெல்டிங் செய்து, பவுடர் கோட்டிங் அடித்து, கதவு இடுக்கை அடைக்கும் ரப்பர் பட்டையான கேஸ்கெட்டை ஒட்டி எல்லா வேலையும் முடிந்திருந்தது. ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு வேண்டும். அந்தப் பூட்டு மட்டும் ஒன்பது நாளாக வரவில்லை.

முதலாளி என்னை அழைத்தது வேறு காரணத்துக்காக. “எல்லாத்தையும் கூடுதல் விலைக்கு வாங்குறோமோன்னு சந்தேகமா இருக்கு. யார் மலிவா தருவாங்கன்னு பார்த்துச் சொல்லுங்க” என்றார். கொள்முதலைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைக்கும் சிறு நிறுவனங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகின்றன. அந்த 60 பெட்டிகளைப் பார்த்தபோது, நான் தேட வேண்டியது விலையை அல்ல, தேதிகளை என்று தோன்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் நிறுவனம் ஒரே இடத்தின் அசல் படம் இல்லை. 30 முதல் 80 பேர் வரை வேலை செய்யும் தொழிற்கூடங்களில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் நிலைமைகளை ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறேன். எண்களும் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. பணத்தை ‘அலகு’ என்றே குறிப்பிடுகிறேன்.

யார் வாங்குகிறார்கள்?

45 பேர் வேலை செய்யும் இந்த இடத்தில் ‘பர்ச்சேஸ்’ என்று தனி நாற்காலி கிடையாது. ஷீட்டை முதலாளியே போனில் வாங்குவார். பூட்டு, கீல், கேஸ்கெட், திருகு எல்லாவற்றையும் ஸ்டோர்ஸ் பார்க்கும் பெண் துண்டுச் சீட்டில் எழுதி முதலாளியின் மேசையில் வைப்பார். வெட்டும் கருவிகள், டிரில், கிரைண்டிங் வீல் ஆகியவற்றை ஷாப் சூப்பர்வைசர் தனக்குத் தெரிந்த கடையில் சொல்லி வரவழைத்துவிடுவார். பில் மாதக் கடைசியில் வரும். அட்டைப்பெட்டியும் அலுவலகச் சாமான்களும் அக்கவுண்டன்ட் பொறுப்பு. நான்கு பேர் வாங்குகிறார்கள். ஆனால் இன்றைக்கு எந்தெந்த ஆர்டர் நிலுவையில் இருக்கிறது என்று கேட்டால், முழுப் பதில் யாரிடமும் இல்லை.

இதைக் குறையாக மட்டும் பார்க்கக் கூடாது. இந்த ஏற்பாட்டில் வேகம் இருக்கிறது, ஒருவர்மீது ஒருவருக்கு நம்பிக்கை இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்த காலத்தில் இது நன்றாகவே ஓடியிருக்கும். எல்லாமே முதலாளியின் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்த காலம் அது. ஆள் பெருகியது, பொருள் வகை பெருகியது, வாங்கும் முறை மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

நிறுவனங்கள் வாங்கும் விதத்தை 1967-ல் பாட்ரிக் ராபின்சன், சார்லஸ் ஃபாரிஸ், யோரம் விண்ட் மூவரும் மூன்றாகப் பிரித்தார்கள்: அதே பொருளை அப்படியே மறுபடி வாங்குவது, சில மாற்றங்களோடு மறுபடி வாங்குவது, முதன்முதலாக வாங்குவது. முதல் வகைக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மூன்றாவதற்குத்தான் விசாரிப்பும், பல பேரின் கருத்தும், நேரமும் வேண்டும். இந்த நிறுவனத்தில் இது தலைகீழாக நடந்தது. ஐந்து ஆண்டுகளாக வாங்கும் அதே திருகுக்கு ஒவ்வொரு முறையும் மூன்று கொட்டேஷன். ஒவ்வொரு முறையும் பேரம். ஷீட்டை மடிக்கும் புதிய பிரஸ் பிரேக்கை மட்டும், தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று ஒரே மாலையில் முடிவு செய்து அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள். மெஷின் வந்து இறங்கிய பிறகுதான், ஷீட்டை அழுத்தி மடிக்கக் கைவசம் இருந்த அச்சுகள் (பஞ்ச், டை) அதில் பொருந்தாது என்று தெரிந்தது. அவற்றைப் புதிதாக வாங்கிய செலவு மெஷினின் கொட்டேஷனில் எங்கும் இல்லை. சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். அவரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஐந்து தேதிகள்

ஓராண்டு பில் கட்டுகளை எடுத்துக்கொண்டோம். சுமார் 400 ஆர்டர்கள். விலைப் பத்தியை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு ஆர்டருக்கும் ஐந்து தேதிகளைத் தேடி எழுதினோம்: தேவை தெரிந்த நாள், ஸ்டோர்ஸிலிருந்து சீட்டு போன நாள், முதலாளி சரி சொன்ன நாள், சப்ளையருக்கு ஆர்டர் போன நாள், சரக்கு வந்து இறங்கிய நாள்.

கடைசி நான்கையும் கண்டுபிடிப்பது எளிது. சீட்டில், மெசேஜில், டெலிவரி நோட்டில் எங்காவது கிடைத்துவிடும். முதல் தேதிதான் பெரும்பாடு. ‘தேவை தெரிந்த நாள்’ என்று யாரும் எங்கும் எழுதி வைப்பதில்லை. வாடிக்கையாளரின் ஆர்டர் உறுதியான தேதியைப் பிடித்து அங்கிருந்து கணக்குப் போட்டோம். 60 பெட்டிக்கு ஆர்டர் உறுதியான அன்றே 120 பூட்டு வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறதே! அதை யாரும் படித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வாரம் பிடித்தது. சலிப்பான வேலை. ஆனால் கொள்முதலை ஆராய வேறு எதையும் செய்ய நேரமில்லாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள் என்று எவருக்கும் சொல்வேன்.

சராசரியாக, தேவை தெரிந்த நாளிலிருந்து சீட்டு எழுத 6 நாள். சீட்டு முதலாளி மேசையில் கிடந்தது 4 நாள். அவர் சரி சொல்லி ஆர்டர் போக 1 நாள். சப்ளையர் எடுத்துக்கொண்டது 9 நாள். மொத்தம் 20 நாளில் 11 நாள் நிறுவனத்தின் சுவர்களுக்குள்ளேயே கழிந்திருந்தது. 400-ல் 230 ஆர்டர்கள், ஸ்டோர்ஸில் அந்தப் பொருள் தீர்ந்த பிறகோ, இரண்டு நாள் தேவைக்கும் குறைவாக இருந்தபோதோ எழுதப்பட்டவை.

முதலாளி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “சப்ளையர்கள்தான் லேட் பண்றாங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்” என்றார். சீட்டு அவர் மேசையில் கிடந்த நான்கு நாளைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவரே விரலை வைத்தார்.

பூட்டின் கணக்கு

பூட்டு ஒன்று 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். கடைசி பேரத்தில் 3 அலகு குறைத்திருந்தார்கள். 120 பூட்டுக்கு மிச்சம் 360 அலகு. அதற்காகப் பேரம் பேசியதில் நான்கு நாள் போயிற்று.

பெட்டி ஒன்றின் விற்பனை விலை 4,000 அலகு. 60 பெட்டிக்கு 2,40,000. இந்தத் தொகைக்கான பில் ஒன்பது நாள் தள்ளிப்போனது. ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் கடன் வாங்கி நடக்கும் நிறுவனத்துக்கு, ஒன்பது நாள் வட்டி மட்டும் சுமார் 710 அலகு. பேரத்தில் மிஞ்சியதைப் போல இரு மடங்கு. பூட்டு வந்ததும் மற்ற வேலையை நிறுத்திவிட்டு ஆட்களைத் திருப்பியது, அவசரத்துக்குத் தனி வண்டி பிடித்தது, வாடிக்கையாளரிடம் தினமும் சமாதானம் சொன்னது எதுவும் இதில் சேரவில்லை.

பெட்டி விலையில் இரண்டு பூட்டின் பங்கு இருபதில் ஒன்று. பில் தொகை சிறியது; ஆகவே கவனமும் சிறியது. இந்த மயக்கத்தைத்தான் பீட்டர் கிராலிக் 1983-ல் எழுதிய கட்டுரையில் பிரித்துக் காட்டினார். ஒரு பொருள் லாபத்தை எவ்வளவு பாதிக்கிறது என்பது ஒரு கேள்வி. அது கிடைக்காமல் போகும் ஆபத்து எவ்வளவு என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் நான்கு கட்டங்கள் வரும். பணத்தில் சிறியதாகவும் கிடைப்பதில் சிக்கலானதாகவும் இருக்கிற பொருள்களுக்கு ஒரு தனிக் கட்டம் உண்டு. பாட்டிலின் கழுத்துப் போல எல்லா ஓட்டமும் அங்கேதான் நெருக்கப்படும். இந்தப் பூட்டு அந்தக் கட்டத்தில் இருந்தது. வரைபடத்தில் குறிப்பிட்ட அளவு துளைக்குப் பொருந்தும் பூட்டை ஒரே ஒருவர்தான் செய்து கொடுத்தார். அப்படிப்பட்ட பொருளுக்குத்தான் இவர்கள் மூன்று சதவீதம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பூட்டு சப்ளையரோடும் பேசினேன். சின்ன நிறுவனங்களின் கொள்முதலை ஆராய்பவர்கள் இந்த ஒரு போன் காலைத் தவிர்க்கவே கூடாது. அவர் கோபப்படவில்லை. “அவங்க ஆர்டர் எப்ப வரும்னே எனக்குத் தெரியாது. வந்தா நாளைக்கே வேணும்பாங்க. பணத்துக்கு ரெண்டு தடவை போன் பண்ணணும். மாசம் பொறந்தா இவ்வளவு வேணும்னு சொல்லி, சொன்ன தேதியில பணம் கொடுக்கறவங்க நாலு பேர் இருக்காங்க. நான் யாருக்கு முதல்ல செய்வேன், சொல்லுங்க?” என்றார்.

வாங்கும் அளவைக் காட்டி மிரட்டும் பலம் சிறு நிறுவனத்துக்கு இல்லை. இருப்பது இரண்டு: முன்கூட்டிச் சொல்லும் பழக்கம், சொன்ன நாளில் பணம் தருவது. இரண்டுக்கும் செலவு குறைவு. இந்த நிறுவனம் இரண்டையும் கைநழுவ விட்டிருந்தது.

ஷீட்டில் முடங்கிய பணம்

பூட்டுக்காரருக்குப் பணம் ஏன் தாமதமானது? ஸ்டோர்ஸின் பின்புறம் போய்ப் பார்த்தால் விடை தெரியும். மூன்று மாதத்துக்கான ஷீட் அங்கே அடுக்கியிருந்தது.

ஷீட் முதலாளியின் கோட்டை. சந்தை எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று அவருக்கு நல்ல கணிப்பு உண்டு. அதை நான் மதிக்கிறேன். ஆனால் “அடுத்த வாரம் ரேட் ஏறப் போகுது” என்று விற்பவரே போன் செய்யும்போதெல்லாம் வாங்கினால் அது கணிப்பாகாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாங்கினால் போதும் என்ற இடத்தில் மூன்று மாதத்துக்கு வாங்கியிருந்தார்.

ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு ஃபோர்டு ஹாரிஸ் 1913-லேயே ஒரு சூத்திரம் தந்திருக்கிறார். ஆண்டுத் தேவையை ஓர் ஆர்டருக்கு ஆகும் செலவால் பெருக்கி, அதை இரட்டித்து, ஒரு பொருளை ஓராண்டு வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். சூத்திரத்தைவிட அதன் வடிவம்தான் எனக்குப் பிடிக்கும். சரியான அளவைவிட ஒன்றரை மடங்கு வாங்கினால், ஆர்டர் செலவும் வைத்திருக்கும் செலவும் சேர்ந்த தொகை 8 சதவீதம்தான் கூடும். இரண்டு மடங்கு வாங்கினாலும் 25 சதவீதம். ஆறு மடங்குக்குப் போனால் மூன்று மடங்கைத் தாண்டிவிடும். ஆகவே சிறு நிறுவனம் துல்லியத்துக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். குத்துமதிப்பாக அருகில் இருந்தாலே போதும். வெகுதூரம் போய்விடக் கூடாது. விலை மாறாது என்ற அனுமானத்தில் எழுந்த சூத்திரம் இது என்பதால், முதலாளியின் சந்தைக் கணிப்புக்கும் கொஞ்சம் இடம் விட்டோம்: இரண்டு வாரத்துக்குப் பதில் அதிகபட்சம் நான்கு வாரம்.

ஷீட்டில் பணம் முடங்கியதால் இன்னொரு வாய்ப்பும் போயிருந்தது. கீல் சப்ளையர் 30 நாள் கிரெடிட் தருவார். 10 நாளுக்குள் கொடுத்தால் 2 சதவீதம் தள்ளுபடி. “ரெண்டு சதவீதம்தானே” என்று விட்டிருந்தார்கள். 98 அலகை 20 நாள் கூடுதலாக வைத்துக்கொள்வதற்கு 2 அலகு கொடுப்பதாக இதைப் படிக்க வேண்டும். ஆண்டுக் கணக்கில் அது சுமார் 37 சதவீத வட்டி. 12 சதவீதத்தில் வங்கிக் கடன் இருக்கும் நிறுவனம், கடனை எடுத்தாவது பத்தாம் நாள் பணத்தைக் கட்டியிருக்கலாம். அக்கவுண்டன்டுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. பில் அவர் கைக்கு வருவதே பதினைந்தாம் நாள்தான். சரக்கு இறக்கிய இடத்திலேயே ஆணியில் குத்தியிருக்கும்.

கேஸ்கெட்டில் வந்த வினை

கொள்முதல் ஆர்டரில் இருந்த வாசகம்: ‘கருப்பு ரப்பர் கேஸ்கெட், 10 மி.மீ.’ புதிய சப்ளையர் ஒருவர் அதை மலிவாகக் கொடுத்தார். கருப்பாகவே இருந்தது, ரப்பராகவே இருந்தது, 10 மி.மீ.யும் இருந்தது. பெட்டிக்கு இருக்க வேண்டிய பாதுகாப்பு ஐபி 65. முதல் எண் 6, தூசி அறவே நுழையக் கூடாது என்பதைக் குறிக்கும்; அடுத்த 5, பீய்ச்சும் தண்ணீரைத் தாங்க வேண்டும் என்பதை. தண்ணீர்ச் சோதனையில் கதவின் மூலை கசிந்தது. ஒட்டிய கேஸ்கெட்டையெல்லாம் உரித்து மறுபடி ஒட்டினார்கள்.

சப்ளையரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரப்பரின் வகை, கடினத்தன்மை, அழுத்திவிட்டபின் பழைய உருவத்துக்குத் திரும்பும் தன்மை எதையும் நாம் கேட்கவில்லை. பழைய சப்ளையர் இதையெல்லாம் தன் அனுபவத்தில் தானாகவே பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆள் மாறியபோதுதான், எழுதாமல் விட்டது எவ்வளவு என்று தெரிந்தது.

செய்தது

ஸ்டோர்ஸில் முக்கியமான 35 பொருள்களுக்கு ‘இதற்குக் கீழே போனால் ஆர்டர்’ என்ற அளவைக் குறித்தோம். பூட்டு ஒரு நாளைக்கு 16 செலவாகிறது. சீட்டு எழுதி ஆர்டர் போக 2 நாள், சப்ளையருக்கு 9 நாள்; ஆக 11 நாளுக்கு 176. சப்ளையர் மோசமான நாளில் 14 நாள்கூட எடுத்ததுண்டு. அந்த 5 நாளுக்கு இன்னும் 80. மொத்தம் 256. அதை 260 என்று வைத்து, எண்ணி ஒரு பையில் போட்டுக் கட்டி, பையோடு ஓர் அட்டையையும் கட்டினோம். வெளியே இருக்கும் பூட்டு தீர்ந்து பையை அவிழ்க்கும் நாள்தான் ஆர்டர் போடும் நாள். கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

ஒப்புதல் விஷயத்தில் முதலாளியோடு இழுபறி. 2,000 அலகுக்குக் கீழே, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ரேட்டில் வாங்கும் பொருள்களுக்கு ஸ்டோர்ஸே ஆர்டர் போடட்டும் என்றேன். 400 ஆர்டரில் ஏறக்குறைய 300 இதில் அடங்கும். பணத்தில் அவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வாங்கும் பொறுப்பில் இருந்த ஒருவர் கமிஷன் எடுத்தது இன்னும் அவர் மனதில் இருந்தது. அந்தப் பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் கையெழுத்து அதைத் தடுக்கவில்லை என்பதும் உண்மை. அந்த ஆள் போட்ட ஆர்டர்கள் எல்லாவற்றிலும் முதலாளியின் கையெழுத்து இருந்தது.

வேலையைப் பிரித்தோம். ஆர்டர் போடுவது ஸ்டோர்ஸ். சரக்கை எண்ணி வரவு எழுதுவது வேறொருவர். ஆர்டர், சரக்கு வரவுக் குறிப்பு, பில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளவும் விலையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அக்கவுண்டன்ட். மூன்றும் பொருந்தினால்தான் பணம். ரேட் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதலாளியே உட்கார்ந்து புதுப்பிப்பார். 2,000-க்கு மேற்பட்ட ஆர்டர்களை அவர் வியாழக்கிழமை மதியம் ஒரே உட்காரலில் பார்த்து முடிப்பார். இதற்குத் தலையசைத்தார்.

பூட்டுக்காரருக்கு மாதம் பிறந்ததும் உத்தேசத் தேவையை அனுப்பினார்கள். பேரம் நின்றது. கதவின் துளையைப் பரவலாகக் கிடைக்கும் அளவுக்கு மாற்ற முடியுமா என்று வடிவமைப்பாளரிடம் கேட்டோம். புதிய மாடல்களில் மாற்றினார். அதனால் இரண்டாவது சப்ளையருக்கு வழி பிறந்தது. ஒற்றை சப்ளையர் சிக்கலை அவிழ்க்கும் இடம் பல நேரம் வரைபலகைதான் என்பதை நான் இங்கேதான் நன்றாகப் புரிந்துகொண்டேன்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். அட்டைகள் தொலைந்தன. அவசரத்தில் பையைப் பிரித்துவிட்டு யாரும் சொல்லாமல் விட்டார்கள். வெட்டும் கருவிகளைத் தன் பெட்டியில் பதுக்கி வைக்கும் பழக்கத்தை சூப்பர்வைசர் விடவில்லை. கேட்டபோது, “கேட்டப்ப கிடைக்காம எத்தனை தடவை நின்னிருக்கேன்” என்றார். அவர் சொன்னது நியாயம். மூன்று மாதம் கேட்டபோதெல்லாம் கிடைத்த பிறகு பெட்டியைத் தானாகவே காலி செய்தார்.

ஆறாம் மாதம் மறுபடி தேதிகளை எழுதிப் பார்த்தோம். 20 நாள் 12 ஆகியிருந்தது. சப்ளையர்களின் 9 நாள் 8 ஆயிற்று. மற்றதெல்லாம் உள்ளே குறைந்தது. விலைப் பட்டியலில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இறங்கவில்லை. கேஸ்கெட் விலை ஏறியே இருந்தது. சரியான ரப்பருக்கு அதுதான் விலை.

கடைசியாக நான் போயிருந்த அன்று ஷீட் வியாபாரி போன் செய்தார். ரேட் ஏறப் போகிறதாம். முதலாளி போனைக் கையால் மூடிக்கொண்டு ஸ்டோர்ஸ் பக்கம் திரும்பினார்.

“ஷீட் எத்தனை நாளைக்கு இருக்கும்மா?”

“பத்தொன்பது நாளைக்கு சார்.”

போனை மறுபடி காதில் வைத்தார். “வியாழக்கிழமை சொல்றேன்” என்றார்.